நடந்து வருவோரை விடப் பேருந்தில் வருவோர் எத்தனை சதவீதம் குறைவு?

மண்டபத்தில் இருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் சந்தேகம் இது. மாதிரி வினாத்தாளில் ஒரு வட்ட விளக்கப்படம். ஒரு மேல்நிலைப் பள்ளியின் 720 மாணவர்கள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறது. நடந்து வருவோர் 126°, சைக்கிள் 90°, அரசுப் பேருந்து 81°, ஷேர் ஆட்டோ 45°, மற்றவை 18°. கேள்வி: பேருந்தில் வருவோர், நடந்து வருவோரை விட எத்தனை சதவீதம் குறைவு? இவர் கோணங்களைச் சதவீதமாக மாற்றி, 35-இல் 22.5 போக 12.5 என்று குறித்திருக்கிறார். விடைக்குறிப்பில் 35.71 என்று இருக்கிறது. "அச்சுப்பிழையா அண்ணே? 720-ஐ எங்கே பயன்படுத்துவது என்றும் புரியவில்லை" என்கிறார்.

அச்சுப்பிழை இல்லை. விடை 35.71 தான். அந்த 720-ஐ இந்தக் கேள்விக்குத் தொடவே வேண்டாம்.

உங்கள் 12.5 என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். பள்ளியில் உள்ள எல்லா மாணவர்களையும் 100 என்று வைத்தால் நடப்பவர்கள் 35, பேருந்துக்காரர்கள் 22.5, இடைவெளி 12.5. கணக்கு சரி. ஆனால் கேள்வி மொத்த மாணவர்களைப் பற்றியதே இல்லை. "நடந்து வருவோரை விட" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டதும் நடந்து வருவோர்தான் 100. 126-க்கும் 81-க்கும் வித்தியாசம் 45. அந்த 45, 126-இல் எத்தனை பங்கு? 45/126 என்பது 5/14. நூறால் பெருக்கினால் 35.71.

இதையே திருப்பி, "நடந்து வருவோர், பேருந்தில் வருவோரை விட எத்தனை சதவீதம் அதிகம்?" என்று கேட்டிருந்தால், வித்தியாசம் அதே 45. ஆனால் கீழே 81 வரும். 45/81 என்பது 5/9, அதாவது 55.56. ஆக ஒரே இடைவெளி, மூன்று விடை: 12.5, 35.71, 55.56. வினாத்தாள் போடுபவர் இந்த மூன்றையும் அ, ஆ, இ என்று வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பார். நீங்கள் தவறாகப் போட்ட விடையும் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றாக இருப்பதால், "வந்துவிட்டது" என்று சந்தோஷமாகக் கறுப்பு வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். இந்த வகைக் கேள்வியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இப்படித்தான். பெருக்கல் வகுத்தலில் தவறு செய்து இழப்பவர்கள் குறைவு.

நம் கடற்கரையில் இந்த விஷயம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் வந்தால்தான் மறந்துபோகிறது. படகு கரைக்கு வந்து மீன் 50,000 ரூபாய்க்கு விற்றது என்று வையுங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவு 30,000. செலவு போக மீதியில் ஆட்களுக்கு 40 சதவீதம் என்று பேச்சு. அப்படியென்றால் 8,000 ரூபாய். யாராவது 50,000-இல் 40 சதவீதம் கணக்குப் போட்டு 20,000 கேட்டால் படகுக்காரர் சிரிப்பார். மொத்த விற்பனையில் பார்த்தால் அந்த 8,000 வெறும் 16 சதவீதம். 40-ம் சரி, 16-ம் சரி. எதில் 40, எதில் 16 என்பதுதான் பேச்சு. வட்டப்படக் கணக்கிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்: எதில் சதவீதம்?

கேள்வியைப் படிக்கும்போதே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். "விட" என்ற சொல்லுக்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவர் கீழே போவார், வித்தியாசம் மேலே போகும். "ஷேர் ஆட்டோவில் வருவோரில்", "ஷேர் ஆட்டோவில் வருவோரின்" என்று வந்தால் அவர்கள் கீழே, கேட்கப்பட்டவர் அப்படியே மேலே, கழித்தல் கிடையாது. சைக்கிளில் வருவோர் ஷேர் ஆட்டோவில் வருவோரின் எத்தனை சதவீதம் என்றால் 90/45, அதாவது 200. ஷேர் ஆட்டோவில் வருவோரை விட எத்தனை சதவீதம் அதிகம் என்றால் 100. இரண்டும் விடைகளில் இருக்கும், சந்தேகமே வேண்டாம்.

சரி, 720 எதற்குக் கொடுத்தார்கள்? தலையை எண்ணும் கேள்விக்கு. "பேருந்தில் வருவோர் எத்தனை பேர்?" என்றால் அது வேண்டும். 720-ஐ 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 2 பேர். பேருந்து 162, நடை 252, சைக்கிள் 180, ஆட்டோ 90, மற்றவை 36. சதவீதம் கேட்கும் கேள்வியில் மேலேயும் கீழேயும் அதே 2 வரும், அடிபட்டுப் போகும். அதனால்தான் கோணத்தை வைத்தே முடித்தோம். ஒரே வட்டத்துக்குள் இரண்டு துண்டுகளை ஒப்பிடும்போது மொத்தம் தேவைப்படாது. தேர்வில் 162, 252 என்றெல்லாம் பெருக்கிக்கொண்டு உட்காருபவர்கள் அரை நிமிடத்தை வீணாக்குகிறார்கள்.

மொத்தத்தைத் தராமல், "நடந்து வருவோர் பேருந்தில் வருவோரை விட 90 பேர் அதிகம், பள்ளியில் எத்தனை பேர்?" என்று கேட்பதும் உண்டு. வித்தியாசம் 45 டிகிரி, அது 90 பேர், ஒரு டிகிரிக்கு 2 பேர், 360-க்கு 720. அவ்வளவுதான்.

கோணத்தைச் சதவீதமாக்க 100/360 என்று எழுதிச் சுருக்கிக்கொண்டே இருக்க வேண்டாம். 18 டிகிரி என்றால் 5 சதவீதம். இது ஒன்று போதும். 126 என்பது ஏழு பதினெட்டு, ஆகவே 35. 90 என்பது ஐந்து பதினெட்டு, 25. 81 கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு 9 டிகிரிக்கு 2.5 என்று பாதியாக்குங்கள், ஒன்பது முறை, 22.5. 45 டிகிரிக்கு ஐந்து முறை, 12.5. பதினெட்டாம் வாய்ப்பாடு தெரியாமல் குரூப் 4 எழுதப் போகிறவர்கள் இன்றைக்கே உட்கார்ந்து படித்துவிடுங்கள். கால்குலேட்டர் கிடையாது, மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி.

அந்த 200 கேள்வியையே ஒரு வட்டமாகப் போடலாம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. கோணங்கள் 180, 135, 45. எவ்வளவு அழகாக விழுகிறது பாருங்கள். திறனறிவு தாளில் 12.5 சதவீதம்தான், ஆனால் பொது அறிவைப் போல எல்லை இல்லாத பாடம் அல்ல. 25-க்கு 25 வாங்க வாய்ப்புள்ள ஒரே பகுதி என்பது என் எண்ணம்.

இனி, சதவீதக் கணக்கில் இன்னொரு வகை. அதே பள்ளியில், 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் வந்தது. ஷேர் ஆட்டோவில் வந்தவர்களில் 20 சதவீதம் பேர் சைக்கிளுக்கு மாறினார்கள். புதிய வட்டத்தில் சைக்கிளின் கோணம் என்ன, சைக்கிளில் வருவோர் எத்தனை சதவீதம் கூடினார்கள்? (ஆடி மாதம் கச்சான் காற்றில் பாம்பன் பக்கம் சைக்கிள் மிதித்தவர்கள் திரும்ப ஆட்டோவுக்கே போயிருப்பார்கள், அது வேறு கதை.) ஆட்டோ 45 டிகிரி, அதில் 20 சதவீதம் 9 டிகிரி. சைக்கிள் 90-இல் இருந்து 99 ஆகிறது. ஆட்டோ 20 சதவீதம் இறங்கியது, சைக்கிள் 10 சதவீதம்தான் ஏறியது. போன பிள்ளைகளும் வந்த பிள்ளைகளும் அதே 18 பேர்தான். ஆட்டோவின் 45-இல் 9, சைக்கிளின் 90-இல் 9. "20 சதவீதம் அங்கே குறைந்தால் 20 சதவீதம் இங்கே கூடும்" என்று கூட்டிக் கழிப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள். மொத்தப் பள்ளியில் பார்த்தால் மாறியவர்கள் 2.5 சதவீதம். 12.5-இல் 20 சதவீதம் என்று போட்டாலும் அதே 2.5 வரும், சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும் கணக்குதான் வங்கித் தேர்வுகளில் ஆளைக் கவிழ்ப்பது. அதற்கு நானே ஒரு கணக்கு உருவாக்கித் தருகிறேன். எண்கள் கற்பனை, ஊர்கள் மட்டும் நம்முடையவை. ஐந்து ஊர்களின் பள்ளிகளில் மொத்தம் 2,400 மாணவ மாணவியர். முதல் வட்டம்: தொண்டி 20%, தேவிபட்டினம் 15%, கீழக்கரை 25%, மண்டபம் 22%, சாயல்குடி 18%. இரண்டாவது வட்டம் மாணவிகளுக்கு மட்டும், மொத்தம் 1,250 பேர்: தொண்டி 18%, தேவிபட்டினம் 16%, கீழக்கரை 24%, மண்டபம் 24%, சாயல்குடி 18%. கேள்வி: எந்த ஊரில், அந்த ஊர் மாணவர்களில் மாணவிகளின் சதவீதம் மிக அதிகம்?

இரண்டாவது வட்டத்தை மட்டும் பார்த்து "கீழக்கரையும் மண்டபமும் சமம், 24" என்பவர்கள் உண்டு. இல்லை. 24 என்பது 1,250 மாணவிகளில் 24. கேட்பதோ அந்தந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் என்று. நீளமாகப் போட்டால் கீழக்கரையில் 600-க்கு 300, சரிபாதி 50 சதவீதம். மண்டபத்தில் 528-க்கு 300, 56.82 சதவீதம். தொண்டி 480-க்கு 225, 46.88. தேவிபட்டினம் 360-க்கு 200, 55.56. சாயல்குடி 432-க்கு 225, 52.08. ஆக மண்டபம்.

ஐந்து பெருக்கல், ஐந்து பெருக்கல், ஐந்து வகுத்தல். இவ்வளவும் வேண்டியதில்லை. 2,400-ம் 1,250-ம் எல்லா ஊருக்கும் பொது. ஆகவே இரண்டாவது வட்டத்தின் எண்ணை முதல் வட்டத்தின் எண்ணால் வகுத்தால் போதும்: 18/20, 16/15, 24/25, 24/22, 18/18. ஒன்றைத் தாண்டுவது தேவிபட்டினமும் மண்டபமும் மட்டும்தான். 15-க்கு 1 கூடுதலா, 22-க்கு 2 கூடுதலா? 22-க்கு 2 என்பது 11-க்கு 1. அதுதான் பெரிது. மண்டபம். பேனாவை எடுக்காமலே முடிந்துவிட்டது.

சாயல்குடியைக் கொஞ்சம் கவனியுங்கள், எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம் அது. இரண்டு வட்டத்திலும் 18. அதனால் சாயல்குடியில் மாணவிகளின் விகிதம், ஐந்து ஊரும் சேர்ந்த மொத்த விகிதத்துக்கு அச்சாகச் சமமாக இருக்கும். 1,250/2,400 போட்டுப் பாருங்கள், 52.08. இரண்டாவது வட்டத்தில் ஒரு ஊரின் துண்டு பெருத்திருந்தால் அங்கே மாணவிகள் சராசரியை விட அதிகம்; சிறுத்திருந்தால் குறைவு; அதே அளவென்றால் சராசரி. இதைப் புரிந்துகொண்டால் இரட்டை வட்டக் கணக்கில் பாதிக் கேள்விகளுக்குப் பார்த்தவுடன் விடை தெரியும்.

இதிலேயே மாணவர்களின் (ஆண் பிள்ளைகளின்) வட்டத்தைக் கேட்டால் மட்டும் குறுக்குவழி தேடாதீர்கள். தொண்டியில் 20-இல் 18 போக 2 என்று கழிப்பது படுதவறு, ஏனென்றால் அந்த 20 வேறு மொத்தத்தில், 18 வேறு மொத்தத்தில். தலையை எண்ணித்தான் ஆகவேண்டும்: 480-இல் 225 போக 255. மொத்த ஆண் பிள்ளைகள் 1,150. 255/1,150, அதாவது 22.17 சதவீதம்.

மொத்தம் மாறினால் துண்டு எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் கடலிலேயே ஓர் உண்மைக் கணக்கு இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது கணக்கில் 21 தீவுகள். மண்டபம் குழுவில் 7, கீழக்கரை குழுவில் 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. வட்டம் போட்டால் மண்டபத்துக்கு 120 டிகிரி, 33.33 சதவீதம். பிற்பாடு கீழக்கரை குழுவின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடி குழுவின் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. இப்போது 19-க்கு வட்டம் போட்டால் மண்டபம் 7/19, அதாவது 36.84 சதவீதம், கோணம் 132.6. முயல் தீவு, குருசடைத் தீவு எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. புதிதாக ஒரு மணல்திட்டுகூடச் சேரவில்லை, துண்டு மட்டும் பெருத்துவிட்டது. அந்த 33.33-இல் இருந்து 36.84-க்கு வந்ததை "மண்டபம் குழு 3.5 சதவீதம் வளர்ந்தது" என்று எழுதினால் இரட்டைத் தவறு. வளரவும் இல்லை, அந்த இடைவெளி 3.5 சதவீதப் புள்ளி (ஒரு சதவீதத்தில் இருந்து இன்னொன்றை நேராகக் கழித்தால் வருவது), சதவீதம் அல்ல.

பள்ளிக்கு வந்தால் இதன் மறுபக்கம். 720 பேரில் 25 சதவீதம் சைக்கிள், 180 பேர். அடுத்த வருடம் பள்ளியில் 800 பேர், சைக்கிள் 24 சதவீதம். துண்டு சுருங்கியது, ஆனால் பிள்ளைகள் 192 பேர், 6.67 சதவீதம் கூடுதல். இரண்டு ஆண்டு வட்டங்களைக் கொடுத்தால் முதல் வேலையாக இரண்டு மொத்தத்தையும் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தித்தாளில் வரும் எண்ணுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13.53 லட்சம், எழுத்தறிவு 80.72 சதவீதம். இரண்டையும் பெருக்கி 10.92 லட்சம் பேர் படித்தவர்கள் என்று சொன்னால் தவறு. எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் கணக்கிடப்படுவது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைக் கழித்துவிட்டுத்தான் 80.72-ஆல் பெருக்க வேண்டும்.

கண்ணை நம்பலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது. வட்ட விளக்கப்படத்தை 1801-இல் முதலில் வெளியிட்டவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் பிளேஃபேர். அழகான கண்டுபிடிப்புதான், ஆனால் மனிதக் கண் நீளத்தை ஒப்பிடும் அளவுக்குக் கோணத்தை ஒப்பிடாது. உங்கள் படத்திலேயே 81-ம் 90-ம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் சைக்கிளில் 18 பேர் அதிகம். போதாக்குறைக்கு, கலரில் அச்சான மாதிரித் தாளை ஜெராக்ஸ் எடுத்தால் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், ஓரத்தில் உள்ள குறிப்புக் கட்டங்களும் அதே சாம்பல். அதனால் ஜெராக்ஸ் எடுக்கும் முன்பே மூலத்தாளைப் பார்த்து ஒவ்வொரு துண்டின் மேலும் பெயரையும் எண்ணையும் எழுதிவிடுங்கள். எழுதியதும் கூட்டிப் பாருங்கள், 360 அல்லது 100 வரவேண்டும். வரவில்லையென்றால் ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது ஒரு துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் கேள்வியே. "கபடி விளையாடுவோர், கைப்பந்து விளையாடுவோர்" என்று ஒருவரே இரண்டிலும் வரக்கூடிய விவரத்துக்கு வட்டம் போடவே முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படம் வரையச் சொன்னால் (பள்ளித் தேர்வில் கேட்பார்கள்) முதலில் மேல்நோக்கி ஓர் ஆரம் வரைந்து, ஒவ்வொரு கோணத்தையும் முந்தைய கோட்டில் இருந்து கோணமானியால் அளந்து வையுங்கள். கடைசித் துண்டை அளந்து வரைய வேண்டாம், தானாக மிச்சமாகும். ஆனால் அளந்து சரிபாருங்கள். பழக ஒரு நல்ல கணக்கு: நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 365-இல் 61 என்றால் 16.7 சதவீதம், கோணம் 60.2. கோணமானியில் 60 என்றே வைக்கலாம், காம்பஸ் இருந்தால் கோணமானிகூட வேண்டாம்.

கடைசியாக நீங்களே போட்டுப் பார்க்க இரண்டு. முதலாவது, குரூப் 4 வட்டத்தில் திறனறிவுக் கேள்விகள் பொது அறிவுக் கேள்விகளை விட எத்தனை சதவீதம் குறைவு? 66.67 வரவேண்டும், 25 வந்தால் மேலே முதல் கணக்கைத் திரும்பப் படியுங்கள். இரண்டாவது, உங்கள் பள்ளி வட்டத்தில் ஷேர் ஆட்டோவில் வருவோரில் 40 சதவீதம் மாணவிகள் என்றால், மொத்தப் பள்ளியில் அவர்கள் எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி? 5 சதவீதம், 18 டிகிரி. இதற்கும் 720 தேவைப்படாது.